அரக்குப் பூச்சும் சிதையாத மாத்திரைகளும்: என் அனுபவம்

சர்க்கரைப் பூச்சு மாத்திரைகளுக்குள் சர்க்கரைப் பாகின் ஈரம் இறங்காமலிருக்க, முதலில் ஷெல்லாக் எனப்படும் அரக்கைச் சாராயத்தில் கரைத்து மெல்லிய காப்புப் பூச்சாக இடுவோம். தயாரித்தபோது எளிதில் சிதைந்த எங்கள் மாத்திரைகள், சில மாதம் கிடங்கில் இருந்தபின் 37 டிகிரி நீரில், சிதைந்தாக வேண்டிய 60 நிமிட வரம்பைத் தாண்டியும் முழுதாகவே நின்றன. சோதனைக் குழாயிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நிறமும் சர்க்கரையும் கரைந்துபோயிருக்க, பழுப்பு மஞ்சள் தோல் ஒன்று மட்டும் நகத்தால் உரிக்கும்படி மாத்திரையைச் சுற்றியிருந்தது.

மாத்திரையிலுள்ள மாவு மீதும், அதை நீரில் உடையச் செய்யும் சிதைப்பான் மீதும் வழக்கம்போல் பழி விழுந்தது. ஆனால் காரணம் அந்தத் தோலில்தான் இருந்தது. அரக்கு மூலக்கூறுகளிலுள்ள அமிலத் தொகுதிகளும் ஹைட்ராக்சில் தொகுதிகளும் நாளடைவில் ஒன்றோடொன்று இணைந்து எஸ்டர் எனும் சேர்மமாகின்றன. இணையாமல் எஞ்சிய அமிலத்தின் அளவைக் காட்டும் அமில மதிப்பு குறையக் குறைய, பூச்சு இறுகிக் கரைதிறனை இழக்கிறது. சாராயக் கரைசலாக நீண்டநாள் வைத்திருந்தாலும் இத்தகைய மாற்றம் நிகழும்.

ஆகவே கரைசலைத் தேவைக்கேற்பப் புதிதாகத் தயாரித்து, அதில் பாலிவினைல் பைரோலிடோன் சேர்த்தோம். இது அரக்கு இறுகுவதைத் தடுப்பதாக முன்பே அறியப்பட்ட பொருள். பூச்சின் தடிமனையும் குறைத்தோம், எனினும் அதிகம் குறைத்தால் பாகின் ஈரம் உள்ளே புகுந்துவிடும் என்பதால் ஓரளவுக்கு மேல் துணியவில்லை. நாள்படுவதன் விளைவை விரைவாகக் காண 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் வைத்த மாதிரிகள் அதன்பின் வரம்புக்குள்ளேயே சிதைந்தன.