டர்புலன்ஸ் (காற்றுக் கொந்தளிப்பு) அடித்தால் விமானியின் கை எங்கே போக வேண்டும்?

முதல் தூக்கலிலேயே கை தன்னால் ஸ்டிக்கை, அதாவது விமானத்தைத் திருப்பும் கைப்பிடியை, பிடிக்கப் போகும். பிடிக்காதீர்கள். ஏர்பஸ் ஏ320-இல் ஆட்டோபைலட் போட்டபடியே இருக்கட்டும். அது உங்களைவிட நிதானமாகத்தான் ஓட்டும். கை போக வேண்டியது தலைக்கு மேலே, சீட் பெல்ட் ஸ்விட்சுக்கு.

மணி அடித்தால் பயணிகள் பெல்ட் போடுவார்கள், ஆனால் கேபின் ஊழியர்கள் டிராலியைத் தள்ளிக்கொண்டுதான் இருப்பார்கள். அதனால் உடனே மைக்கில் "கேபின் க்ரூ, உட்காருங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். 2024 மே 21 அன்று மியான்மர் மேலே 37,000 அடியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ321 சிக்கியபோது, 0.6 நொடிக்குள் ஜி-விசை (உடல் உணரும் எடை; சாதாரணமாக +1, மைனஸ் என்றால் மேலே தூக்கும்) +1.35-இலிருந்து -1.5-க்குப் போனது. பெல்ட் போடாதவர்கள் மேலே தூக்கி எறியப்பட அது போதும்.

அடுத்தது வேகம். ஏ320-க்கு 20,000 அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்), அதற்கு மேலே 275 நாட் அல்லது மாக் 0.76 (ஒலியின் வேகத்தில் 76 சதவீதம்), எது குறைவோ அது. ஸ்பீட் குமிழை இழுத்துத் திருகி வையுங்கள். இதைவிட வேகமாகப் போனால் ஒவ்வொரு அடியும் இறக்கையில் கூடுதல் பாரமாக இறங்கும். இன்னும் குறைத்தாலோ, உயரத்தில் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) பக்கத்திலேயே காத்திருக்கும். திரையின் வேகப் பட்டையில், வேகம் எங்கே போகிறது என்று காட்டும் மஞ்சள் அம்புக்குறி உச்ச வேக வரம்பான சிவப்பைத் தொடப் பார்த்தால், வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். போதவில்லை என்றால் ஸ்பீட் பிரேக், அதாவது இறக்கை மேல் எழும் தடுப்புப் பலகைகள்.

எஞ்சின் ஏறி இறங்கித் தவிக்கிறதா? எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ரஸ்டை எடுத்துவிடலாம். பலர் தடுமாறுவது இங்கேதான். எஞ்சின் விசை லீவர்கள் 'கிளைம்ப்' (ஏற்றம்) பள்ளத்தில் இருக்கும்போதே அதை நிறுத்தும் பட்டனை அழுத்தினால், அந்த நொடியே எஞ்சின் முழு ஏற்ற விசைக்குப் பாயும். முதலில் லீவரை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். என்1 (எஞ்சின் முன்விசிறியின் சுழற்சி வேகம்) டயலில் லீவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சின்ன வளையம் ஊசியோடு சேர்ந்த பிறகு பட்டனை அழுத்துங்கள். பிறகு கையேட்டு அட்டவணையில் உள்ள என்1-ஐ வைத்துவிட்டு, லீவரைச் சும்மா விடுங்கள்.

ஆட்டோபைலட் தானே கழன்றுகொண்டால் இறக்கை சமம், மூக்கு சுமார் 2.5 டிகிரி மேலே, அவ்வளவுதான். உயரத்தைத் துரத்தாதீர்கள். சில நூறு அடி ஏறினால் ஏறட்டும், இறங்கினால் இறங்கட்டும். இழுத்து இழுத்துப் பிடிப்பதுதான் விமானத்தை வளைக்கும். 29,000 முதல் 41,000 அடி வரை அடுத்த விமானம் 1,000 அடி தள்ளிதான் இருக்கும் என்பதால், உயரம் நிற்கவில்லை என்றால் தரையில் உள்ள கன்ட்ரோலிடம் "அனேபிள் ஆர்விஎஸ்எம் டியூ டர்புலன்ஸ்" (கொந்தளிப்பால் இந்த 1,000 அடி இடைவெளி விதியைக் காக்க முடியவில்லை) என்று சொல்லிவிட்டு வேறு உயரம் கேளுங்கள்.

வால் துடுப்பில் உள்ள ரடரை (திசைமாற்றும் பலகையை) அசைக்கும் கால் பெடலை மட்டும் தொடவே வேண்டாம். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, முன்னே போன போயிங் 747 விட்டுச்சென்ற சுழல்காற்றில் புகுந்தது. பெடலை மாறி மாறி மிதித்ததில் வால் துடுப்பே பிய்ந்துபோய், 265 பேர் இறந்தார்கள்.

வானிலை ரேடாரை முழுசாக நம்பவும் முடியாது. அதற்கு மழைத்துளி தெரியும். தெளிந்த காற்று தெரியாது. இடிமேகத்தின் உச்சியில் இருப்பது பனிக்கட்டி என்பதால் அதுவும் மங்கலாகத்தான் தெரியும். ஆன்டெனாவைக் கீழே சாய்த்து, மேகத்தின் ஈரமான வயிற்றைப் பாருங்கள். 20 கடல்மைல் ஒதுங்கிப் போங்கள்.

அடங்கியதும் யாருக்காவது அடிபட்டதா என்று கேபினில் கேளுங்கள். பின்னால் வருபவர்களுக்காக இடம், உயரம், கடுமை எல்லாம் கன்ட்ரோலிடம் சொல்லுங்கள். தரையிறங்கியதும் டெக் லாகில் (விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில்) 'கடும் டர்புலன்ஸ்' என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லை என்றால், பொறியாளர்கள் இறக்கையையும் எஞ்சின் தாங்கிகளையும் திறந்து பார்க்க மாட்டார்கள்.