ஒரு மாநிலம் தன் பொதுச் சேவையைச் சீர்படுத்துவது எப்படி: மருந்துக் கிடங்கும் ரேஷன் கடையும் காட்டும் வழி

ஒரு மாநிலத்தின் நிர்வாகத்தை மேம்படுத்த முனைபவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எந்த ஒரு சேவையைக் கையில் எடுப்பது என்பதே. எல்லாத் துறைகளையும் ஒரே நேரத்தில் சீர்திருத்தப் புறப்பட்டால் சுற்றறிக்கைகள் பெருகும். அலுவலகத்துக்கு வந்து நிற்பவரின் காத்திருப்பு குறையாது. எனவே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது ஏழை மக்கள் அடிக்கடி நாடுவதாகவும், அரசு தரத் தவறினால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லாததாகவும் இருக்க வேண்டும். மருந்து, அரிசி, சான்றிதழ், பட்டா, ஓய்வூதியம் ஆகியவை அத்தகையவை. இந்த வழிகாட்டி மாவட்ட அளவிலும் அதற்கு மேலும் பணியாற்றும் அலுவலர்களையும், உள்ளாட்சிப் பிரதிநிதிகளையும், வெளியிலிருந்து அரசை வற்புறுத்தும் குடிமக்களையும் மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாவிட்டால், திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தின் மனுக்களைப் படியுங்கள். வழக்கமாக அவை துறைவாரியாகப் பிரிக்கப்பட்டு, 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்புடன் கீழே அனுப்பப்படுகின்றன. எந்த அலுவலகத்தைப் பற்றிப் புகார் வந்ததோ, அதே அலுவலகத்துக்கே பல மனுக்கள் போய்ச் சேர்கின்றன. அவ்வாறு செய்யாமல், ஓராண்டு மனுக்களைக் காரணவாரியாகப் பிரித்துப் பாருங்கள். நூறு பேர் தனித்தனியே எழுதிய குறையின் பின்னால் ஒரே ஒரு விதியோ, நிரப்பப்படாத ஒரு பணியிடமோ இருப்பது அப்போது தெரியவரும். ஒரு மனுவுக்குத் தீர்வு கண்டால் ஒருவருக்கு நன்மை; அந்தக் காரணத்தை நீக்கினால் அடுத்த ஆண்டு அந்த மனுவே வராது.

அடுத்து, தேர்ந்தெடுத்த சேவை செல்லும் பாதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே நடந்து பார்க்க வேண்டும். அலுவலக அறையில் அமர்ந்து பாய்வு வரைபடம் தயாரிப்பது இதற்கு ஈடாகாது. வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். கணவரை இழந்த ஒரு பெண் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கிறார். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறது. அவர் விசாரித்து அறிக்கை தருகிறார். வருவாய் ஆய்வாளர் அதைப் பார்க்கிறார். பின்னர் வட்டாட்சியர் அலுவலகம் முடிவு செய்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் இந்த நிறுத்தங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று செய்திகளைக் குறியுங்கள்: யார் கையில் இருந்தது, எத்தனை நாள் இருந்தது, அந்த நாட்களில் புதிதாக என்ன சேர்ந்தது. மூன்றாவது கட்டம் காலியாக உள்ள நிறுத்தம் எதுவோ, அதை எடுத்துவிடலாமா என்று கேளுங்கள். எடுக்கவே முடியாது என்று சொல்பவர் அதற்கான விதியைக் காட்டட்டும். பெரும்பாலும் அங்கே இருப்பது வழக்கம்தான், விதி அன்று.

தமிழ்நாட்டில் பட்டா மாறுதலில் இத்தகைய ஒரு நிறுத்தம் நீக்கப்பட்டிருக்கிறது. ஒரு புல எண்ணுக்குரிய நிலம் உட்பிரிவு இல்லாமல் முழுவதுமாகக் கைமாறும்போது, கிரயப் பத்திரம் பதிவானதும் பட்டாவும் தானாகவே மாறும் வகையில் பதிவுத்துறையும் வருவாய்த்துறையும் இணைக்கப்பட்டன. நில அளவர் போய் அளக்க வேண்டிய தேவை உட்பிரிவு செய்யும்போதுதான் எழுகிறது. அளக்க வேண்டாத நிலத்துக்காகவும் மக்கள் அலைந்த காலம் உண்டு. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்: முதலில் தேவையற்ற படியை நீக்குங்கள், பிறகு எஞ்சியதைக் கணினிமயமாக்குங்கள். பழைய படிகள் அனைத்தையும் அப்படியே கணினியில் ஏற்றினால், முன்பு தாளில் தங்கிய விண்ணப்பம் இப்போது திரையில் தங்கும்.

பாதையைச் சீரமைத்த பின் அதில் செல்லும் பொருளையும் பணத்தையும் கணக்கையும் ஒன்றோடொன்று கட்ட வேண்டும். இதை நன்கு செய்து காட்டியது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்பது என் உறுதியான கருத்து. 1994இல் அரசு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்ட அந்தக் கழகம், 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கி வருகிறது. அதன் செயல்முறையைச் சற்று விரிவாகவே பார்ப்போம், ஏனெனில் பிற துறைகளுக்கும் பொருந்தும் பாடங்கள் அதன் நுணுக்கங்களில்தான் உள்ளன.

முதலில் பட்டியல். எந்தெந்த மருந்துகள் இன்றியமையாதவை என்பதை முடிவு செய்து, வணிகப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப்பெயரிலேயே வாங்கினார்கள். தேவை முழுவதையும் ஒன்று சேர்த்து ஒரே ஒப்பந்தப்புள்ளியாகக் கோரியதால் விலை இறங்கியது. ஒப்பந்தப்புள்ளி இரண்டு உறைகளில் வரும். தொழில்நுட்பத் தகுதியைக் காட்டும் உறையை முதலில் பிரித்து, அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிறகு பிரிப்பார்கள். விலை மலிவு என்பதற்காகத் தரமற்றவர் உள்ளே நுழைவதை இது தடுக்கிறது.

வாங்கிய மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்தவுடன் மருத்துவமனைக்குப் போய்விடாது. ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதி (batch) ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளரின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் இட்டு, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். யாருடைய மாத்திரையைச் சோதிக்கிறோம் என்பதே சோதிப்பவருக்குத் தெரியாது. தேறிய தொகுதிதான் கிடங்கின் வாசலைத் தாண்டும். தரம் தவறிய நிறுவனம் தடைப்பட்டியலில் சேரும். மாத்திரை அட்டையிலேயே தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அன்று என்று அச்சிடப்பட்டிருப்பதால், அது தனியார் கடைக்குப் போனால் எளிதில் பிடிபடும்.

இவை அனைத்திலும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது பாஸ்புக். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநரை எண்ணிப் பாருங்கள். அவருடைய நிலையத்துக்கு அந்த ஆண்டு எவ்வளவு தொகைக்கு மருந்து எடுக்க உரிமை உண்டு என்பது வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். கிடங்குக்குப் போய், தன் ஊரில் ரத்த அழுத்த நோயாளிகள் அதிகமா, குழந்தைகளுக்கான மருந்து அதிகம் செலவாகிறதா என்பதைப் பார்த்துத் தேவையானதை எடுக்கிறார். எடுத்ததன் மதிப்பு கழிக்கப்பட்டு மீதம் எழுதப்படுகிறது. முன்பெல்லாம் மேலிருந்து வந்ததை வாங்கி அடுக்கிய ஒருவர், இப்போது கேட்டுப் பெறும் இடத்துக்கு வந்துவிட்டார். எந்த மருந்து எங்கே எவ்வளவு செலவாகிறது என்ற செய்தியும் அதே பதிவின் வழியாகத் தலைமையகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோதும் இதையொத்த ஒரு கழகத்தை அமைத்துக்கொண்டே தொடங்கியது. ஆகவே நீங்கள் எடுத்த சேவை எதுவாயினும், பாதையின் கடைசியில் இருக்கும் பணியாளரின் கையில் எந்தப் பதிவேடு இருக்கிறது, அதைக் காட்டி அவரால் எதைக் கேட்டுப் பெற முடியும் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.

அந்தக் கடைசிப் பணியாளர் நேர்மையாக வாழ முடிகிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. சீர்திருத்தம் பேசுவோர் பலரும் இதைத் தவிர்த்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. சத்தீஸ்கர் இதைத் தவிர்க்கவில்லை. அம்மாநிலம் 2004இல் ரேஷன் கடைகளைத் தனியார் வணிகர்களிடமிருந்து எடுத்து, ஊராட்சிகளிடமும் மகளிர் சுய உதவிக் குழுக்களிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் ஒப்படைத்தது. கடை நடத்துவோருக்கான கமிஷன் குவிண்டாலுக்கு 8 ரூபாயாக இருந்தவரை, அரிசியைக் கடத்தாமல் கடை நடத்துவது கட்டுப்படியாகாத தொழிலாகவே இருந்தது. அது பல மடங்கு உயர்த்தப்பட்டது. கிடங்கிலிருந்து கடை வாசல் வரை தானியத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பையும் அரசே ஏற்றது. அந்த லாரிகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசினார்கள்; லாரி புறப்பட்டதும் பதிவு செய்துகொண்ட ஊர்க்காரர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போனது. மஞ்சள் லாரி வேறு திசையில் போனால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்காணிப்புக்கு முன்பே கமிஷன் உயர்வைச் சொன்னதற்குக் காரணம் உண்டு: வருமானத்தைச் சரிசெய்யாமல் கண்காணிப்பை மட்டும் கூட்டினால், திருட்டு வேறு வழி தேடும்.

காலவரம்பைச் சட்டமாக்குவது இதற்குப் பிறகு வர வேண்டியது. இந்தியாவில் முதன்முதலாக மத்தியப் பிரதேசம் 2010இல் பொதுச் சேவை உறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கர்நாடகம் 2011இல் சட்டம் இயற்றி, 2012 ஏப்ரலில் 'சகாலா' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் நடைமுறைப்படுத்தியது. தொடக்கத்தில் 11 துறைகளின் 151 சேவைகள் அதில் இருந்தன. விண்ணப்பித்தவுடன் 15 இலக்க எண் கொண்ட ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். குறித்த நாளுக்குள் சேவை கிடைக்காவிட்டால், நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை இழப்பீடு கேட்கலாம். அது தாமதத்துக்குப் பொறுப்பான அலுவலரிடமிருந்து பிடிக்கப்படும். தொகை சிறியதுதான். ஆனால் 'நாளைக்கு வாருங்கள்' என்ற சொல்லுக்கு எதிராக, தேதி போட்ட ஒரு சீட்டு சாதாரண மனிதரின் சட்டைப்பையில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். காலவரம்பு வைத்தவுடன், நாள் முடியும் தறுவாயில் 'ஆவணம் போதவில்லை' என்று எழுதி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு, நிலுவை இல்லை என்று கணக்குக் காட்டும் பழக்கம் தோன்றக்கூடும். எனவே நிலுவையை மட்டும் எண்ணாதீர்கள். தள்ளுபடியையும், அதற்கு எழுதப்பட்ட காரணத்தையும், அது எத்தனையாவது நாளில் எழுதப்பட்டது என்பதையும் எண்ணுங்கள். ஆவணக் குறை இருந்தால் முதல் சில நாட்களுக்குள் ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும் என்று ஆணையிடுங்கள். ஒரு கிராம நிர்வாக அலுவலர் கூடுதல் பொறுப்பாக இரண்டு மூன்று கிராமங்களைச் சுமந்துகொண்டிருக்கும்போது, பணியிடத்தை நிரப்பாமல் காலவரம்பை மட்டும் இறுக்குவது நியாயமும் ஆகாது.

துறையே தன்னைத் தணிக்கை செய்துகொள்வது போதாது. பயன்பெறும் மக்களையும் அதில் சேர்க்க வேண்டும். தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசம் 2006இலேயே இதைத் தொடங்கி, 2009இல் இதற்கெனத் தனி அமைப்பையும் உருவாக்கியது. பயிற்சி பெற்ற கிராமத்து இளைஞர்கள் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, 'உங்கள் பெயரில் இத்தனை நாள் வேலை செய்ததாக எழுதியிருக்கிறது, செய்தீர்களா, கூலி கைக்கு வந்ததா?' என்று கேட்டார்கள். கிடைத்த விடைகள் பொது விசாரணையில், அலுவலர்களும் தொழிலாளர்களும் ஒன்றாக அமர்ந்திருக்க, உரக்க வாசிக்கப்பட்டன. உங்கள் சேவைக்கு இதைக் கையாளும்போது, தணிக்கை செய்பவர்களுக்குச் சம்பளம் தருவது தணிக்கைக்கு உள்ளாகும் அலுவலகமாக இருக்கக் கூடாது. கண்டறிந்த முறைகேட்டுத் தொகையை யார், எந்தத் தேதிக்குள் மீட்க வேண்டும் என்பதையும் அந்த மேடையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். விசாரணை சிறப்பாக நடந்தும் மீட்பு நடக்காமல் போனால், அடுத்த முறை மக்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

இவ்வளவும் ஒரு நல்ல அலுவலரை மட்டும் நம்பி நின்றால், அவருடைய மாறுதல் ஆணை வரும் நாளில் சரிந்துவிடும். மருந்துக் கழகம் ஆட்சிகள் மாறியும் நிலைத்ததற்குக் காரணம், அதன் நடைமுறைகள் எழுத்தில் இருந்ததும், அதற்கெனத் தனி அமைப்பும் நிதியும் இருந்ததுமே. ஆகவே புதிய நடைமுறையை வாய்மொழி உத்தரவாக விடாமல் அரசாணையாக வெளியிடச் செய்யுங்கள். வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு கணக்குத் தலைப்பைப் பெறுங்கள். பதிவேட்டின் மாதிரிப் படிவத்தை அரசாணையின் இணைப்பிலேயே சேருங்கள்.

ஓராண்டு ஆனதும், முதலில் நிறுத்தங்களை எழுதிய அந்த வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு அதே பாதையில் மீண்டும் நடங்கள். பழைய நாட்களின் பக்கத்தில் புதிய நாட்களை எழுதுங்கள். நாள் குறையாத நிறுத்தத்தில் அமர்ந்திருப்பவரிடம் குற்றம் சாட்டும் குரலில் பேசாமல், அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, ஒரு முழு நாள் அவர் வேலை செய்வதைப் பாருங்கள்.