பானை வகுப்பில் பூச்சும் கீறலும்: சொல்லிக்கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்பாண்ட வகுப்பில் அலங்கார வேலை கெட்டுப்போனால் மாணவரின் கையைக் குறை சொல்கிறோம். பாதிக்கு மேல் கெடுவது மண்ணின் ஈரத்தால். சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு என்றால், அந்தப் பத்து மணிக்கு மண் பதமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு. அந்த ஏற்பாடு இல்லாமல் உத்தியை மட்டும் கற்றுக்கொடுப்பதுதான் முதல் தவறு.

ஒரே வகுப்பில் எல்லா உத்திகளையும் காட்டிவிட ஆசைப்படாதீர்கள். அச்சுக் குத்துவது, கயிறு உருட்டிப் பதிப்பது எல்லாம் மண் மெத்தென்று இருக்கும்போதே முடிய வேண்டும். ஸ்லிப் (கூழாகக் கரைத்த களிமண்) பூச்சு, ஸ்கிராஃபிட்டோ (பூச்சைக் கீறி அடிமண்ணின் நிறத்தைக் காட்டுவது), செதுக்கல் ஆகியவற்றுக்கு லெதர் ஹார்டு பதம், அதாவது தோல்போல இறுகியும் முழுக்கக் காயாத பதம் வேண்டும். மெழுகுத் தடுப்பு (கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு ஒட்டக் கூடாத இடத்தில் மெழுகு பூசுவது) பிஸ்க் சூட்டுக்கு, அதாவது கிளேஸ் போடுமுன் சுடும் முதல் சூட்டுக்குப் பிறகு. புதியவர்களுக்கு அண்டர்கிளேஸையும் (கிளேஸுக்கு அடியில் பூசும் நிறம்) அப்போதே வைத்துக்கொள்வது நல்லது.

லெதர் ஹார்டு பதத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லாமல், சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். நகத்தை அழுத்தினால் தடம் விழ வேண்டும், சுவர் வளையக் கூடாது. ஊசியால் கீறினால் மண் பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் ஈரம் அதிகம். தூளாக உதிர்ந்தால் நேரம் கடந்துவிட்டது. ஃபேன் ஓடும் அறையில் விளிம்பும் கைப்பிடியும் முதலில் காயும், அடிப்பாகம் பச்சையாகவே இருக்கும். அதனால் விளிம்பு இறுகியதும் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் உறையால் மூட வேண்டும். வாரம் ஒருமுறை வகுப்பு என்றால் அதுவும் போதாது. மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியின் அடியில் 3 செ.மீ. உயரத்துக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி இறுக விடுங்கள். அது குடிக்கிற அளவுக்குத் தண்ணீர் விட்டு உள்ளே பாத்திரங்களை வைத்தால் அடுத்த வாரம் வரை பதம் நிற்கும்.

மாணவரின் முதல் சோதனையை அவர் ஆசையாகச் செய்த குவளையிலேயே செய்யச் சொல்லாதீர்கள். 10 × 10 செ.மீ. அளவு, 8 மி.மீ. கனத்தில் ஓடுகளை முதல் நாளே வெட்டி, இரண்டு ஜிப்சம் பலகைகளுக்கு நடுவே வைத்தால் வளையாமல் இறுகும். ஓடு கெட்டால் யாருக்கும் வருத்தம் இல்லை.

ஸ்லிப்பில் நடக்கும் தவறுகள்

ஈரமண்ணைத் தண்ணீரில் போட்டுக் கரைத்தால் கட்டி கட்டியாக நிற்கும். மண்ணை முழுக்கக் காயவிட்டு, நாணய அளவுக்கு உடைத்து, தண்ணீரில் போட்டுக் கிளறாமல் ஒரு நாள் விட்டால் தானே கரைந்து படியும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் சலிக்க வேண்டும். தூரிகைப் பூச்சுக்கு இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் இடைப்பட்ட பதம் சரி. கோடு இழுக்க வேண்டுமானால் இன்னும் கெட்டியாக வேண்டும். அதற்கு மருதாணி கோனே போதும், ஆனால் காற்றுக்குமிழி இருந்தால் கோடு நடுவில் தெறிக்கும். முதலில் செய்தித்தாளில் நாலு கோடு இழுத்துப் பார்க்கட்டும்.

பூச்சு உரிவதற்குக் காரணம் சுருக்கம். லெதர் ஹார்டு பாத்திரம் ஏற்கெனவே கொஞ்சம் சுருங்கிவிட்டது. அதன்மேல் பூசும் ஸ்லிப் இனிமேல்தான் சுருங்கப்போகிறது. பாத்திரம் காயக் காய இந்த வித்தியாசம் கூடும், விளிம்பிலும் கைப்பிடியிலும் பூச்சு செதில் செதிலாகக் கழலும். பாத்திரம் செய்த அதே மண்ணில் ஸ்லிப் தயாரிப்பதும், லெதர் ஹார்டு பதத்தின் தொடக்கத்திலேயே பூசிவிடுவதும்தான் வழி. முழுக்கக் காய்ந்த பாத்திரத்தில் சாதாரண ஸ்லிப்பைப் பூசவே கூடாது. இன்னொன்று: உள்ளேயும் வெளியேயும் ஒரே மூச்சில் பூசினால் மண் அந்தத் தண்ணீரைக் குடித்து இளகிவிடும், கைப்பிடி கையோடு வரும். உள்பக்கம் மறுபடி இறுகிய பிறகு வெளிப்பக்கம்.

நிறத்தை ஸ்பூன் கணக்கில் கலப்பது பல வகுப்புகளில் பார்க்கிற வழக்கம். இந்தத் தடவை வந்த நீலம் அடுத்த தடவை வராது. ஒரு லிட்டர் ஸ்லிப்பைக் கிராமில் எடை போடுங்கள், அதிலிருந்து 1000 கழித்து 1.6-ஆல் பெருக்குங்கள். உள்ளே இருக்கும் உலர்மண்ணின் எடை ஏறக்குறைய கிடைத்துவிடும். லிட்டர் 1400 கிராம் இருந்தால் உலர்மண் 640 கிராம். அதற்கு 2 சதவீதம் கோபால்ட் கார்பனேட் என்றால் 13 கிராம். சிவப்பு அயர்ன் ஆக்ஸைடு 5 முதல் 8 சதவீதம் வரை போடலாம். இந்தப் பொடிகளைக் கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம், சிறுவர் வகுப்பில் பொடியையே திறக்காதீர்கள். காப்பர் மிகுந்த பூச்சைச் சாப்பாட்டுப் பாத்திரத்தின் உட்புறம் தவிர்க்கவும். புளியும் எலுமிச்சையும் படுகிற இடம் அது.

கோபால்ட் கார்பனேட் சூளைக்குப் போகுமுன் வெளிர் ஊதாவாகத் தெரியும், சுட்ட பிறகுதான் நீலம். வாயால் சொன்னால் மாணவர் நம்பமாட்டார். சுட்ட மாதிரி ஓடுகளைச் சுவரில் மாட்டி வையுங்கள்.

கீறுவதில்

ஸ்கிராஃபிட்டோவுக்குப் பூச்சின் பளபளப்பு அடங்கி, விரலில் ஒட்டாத நேரம் பார்த்து உட்கார வேண்டும். அவசரப்பட்டால் கோட்டின் இரு ஓரமும் கிழிந்து எழும்பும். ஊசியைவிட மை தீர்ந்த பால் பென் ரீஃபில் நல்லது, முனை உருண்டையாக இருப்பதால் பள்ளம் சுத்தமாக விழும். ஆழம் ஒரு மில்லிமீட்டர் போதும். எழும்பிய பிசிரை உடனே விரலால் தேய்க்கிறார்களே, அங்கேதான் நிறம் கலங்கிப்போகிறது. இன்னும் கொஞ்சம் இறுகியதும் கெட்டி பிரஷால், ஈரத்தாள் விரித்த தட்டின்மேல் தட்டிவிட்டால் போதும். வாயால் ஊதவே கூடாது. களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், துடைப்பம் வேண்டாம்.

வளைந்த பரப்பில் ஆறு பூ சமமாக வரவில்லை என்று மாணவர் தவிப்பார். சுற்றளவுக்கு ஒரு தாள் பட்டை வெட்டி ஆறாக மடித்து, மடிப்புகளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

பிஸ்க்குக்குப் பிறகு

அண்டர்கிளேஸை ஒரே தடவையில் கனமாக அப்பினால் மேலே போடும் கிளேஸ் சுருண்டு விலகும். பாத்திரத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். சாதாரணப் பென்சிலில் தாராளமாக வரையலாம், சூளையில் எரிந்துவிடும். மெழுகில் அவ்வளவு தாராளம் கூடாது. தவறான இடத்தில் சிந்தினால் கழுவிப் போகாது, மறுபடி பிஸ்க் சுட வேண்டும்.

எந்தச் சூட்டில் சுடப்போகிறோம் என்று தெரியாமல் நிறம் வாங்கிக்கொடுப்பது கடைசியில் தெரியவரும் தவறு. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழியில் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் கல்போல இறுகும் பாண்டம்) சுடுகிறவர்கள் 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகிறார்கள். 1050 டிகிரிக்கென்று தயாரித்த சிவப்பும் இளஞ்சிவப்பும் அந்தச் சூட்டில் வெளிறிவிடலாம். டப்பாவில் போட்டிருக்கும் வெப்ப அளவைப் பார்த்து வாங்குங்கள். கிளேஸ் இல்லாமல் தேய்த்தே மெருகேற்றிய பாத்திரத்துக்கோ 1000 டிகிரியே அதிகம், பளபளப்பு போய்விடும். குரோமியம் கலந்த பச்சையின் மேல் துத்தநாகம் உள்ள தெளிவான கிளேஸைப் போட்டால் பச்சை பழுப்பாக மாறும். அதனால் வகுப்பில் துத்தநாகம் இல்லாத ஒரு தெளிவான கிளேஸைத் தனி வாளியில் பெயர் எழுதி வையுங்கள்.