ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி? ‘ஃபேதம்’ என்ற வினையை வைத்து ஒரு செய்முறை

‘புரிந்துகொள்’ என்பதற்கு ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் கொஞ்சம் கனமானது ‘ஃபேதம்’. எஃப், ஏ, டி, எச், ஓ, எம் என்று எழுத்துக் கூட்டவேண்டும். “அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது என்னால் எட்டிப்பிடிக்கவே முடியவில்லை” என்று சொல்லும் இடத்தில் இது வரும். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் ‘முடியவில்லை’ என்பதோடு சேர்ந்தேதான் வரும். அது ஏன் என்பதற்கான விடையும் கீழே இருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு ஒரு கதை சுற்றி வருகிறது. பழைய ஆங்கிலத்தில் இதற்குக் ‘கட்டித் தழுவு’ என்று பொருளாம். ஒன்றை நெஞ்சோடு அணைத்தால்தான் அது புரியும் என்று முன்னோர் உணர்ந்திருந்தார்களாம். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி கப்சா. இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் மற்றச் சொற்களுக்கும் அதே வழிதான்.

படி 1: சரியான அகராதியைத் திறப்பது

நான் முதலில் திறப்பது டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் ‘எடிமான்லைன்’ என்ற இணைய அகராதி. இலவசம், சுருக்கம், ஆண்டும் தருகிறது. யாரும் திருத்தக்கூடிய இணைய அகராதியான விக்கிஷனரியை இனமொழிச் சொற்களுக்கு, அதாவது உறவுமொழிகளில் உள்ள இணைச் சொற்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். அங்கே யார் எதை எப்போது திருத்தினார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே படிக்கவேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குச் சந்தா வேண்டும். உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தால் யோசிக்காமல் அதையே பயன்படுத்துங்கள். படம் போட்டு ஒரு வரி எழுதிப் பரப்பப்படும் ‘சொல்லின் ரகசியம்’ வகையறாக்களை நான் சீண்டுவதே இல்லை.

படி 2: பொருள்களை ஆண்டுவாரியாக அடுக்குவது

எல்லாரும் வழுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே இங்கே நிதானமாகப் போகலாம்.

மாணவர்களுக்கான அகராதிகள், இன்று அதிகம் புழங்கும் பொருளை முதலில் போடும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி பழையதை முதலில் போடும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பவர், ‘முதலில் இருப்பதுதான் மூலப்பொருள்’ என்று நினைத்துவிடுவார். அகராதி கொடுத்த வரிசையை மறந்துவிட்டு, ஒரு தாளில் ஆண்டு ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நம் சொல்லுக்கு எழுதினால் இப்படி வரும்:

பழைய ஆங்கிலம், பெயர்ச்சொல்: விரித்த இரு கைகள், அணைப்பு, மார்பு. கைகளை முழுக்க விரித்தால் வரும் நீளமும் அதுவே.
பழைய ஆங்கிலம், வினை: தழுவு, சூழ்ந்துகொள்.
1600 வாக்கில், வினை: நீரின் ஆழத்தை அள.
1620களில், வினை: அடிவரை சென்று அறி, புரிந்துகொள்.

இப்போது வரிசை தானே பேசுகிறது. ‘தழுவு’ என்பதிலிருந்து ‘புரிந்துகொள்’ என்பதற்கு நேராக ஒரு தாவல் இல்லை. நடுவே கடல் இருக்கிறது. ஆழம் பார்ப்பது என்ற பொருள் வந்து ஒரு தலைமுறை ஆவதற்குள் ‘அறி’ என்ற பொருள் வந்துவிட்டது. தழுவல் பொருளோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. கதை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் ஆண்டுக்கணக்கு ஒத்துவராவிட்டால் தள்ளிவிடவேண்டியதுதான்.

படி 3: சொல் குறிக்கும் பொருளை நேரில் பார்ப்பது

சொற்பிறப்பு தேடுபவர்கள் பலரும் அகராதியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. அந்தச் சொல்லைக் கையில் வைத்துப் பிழைத்தவன் என்ன செய்தான் என்று தெரியவேண்டும்.

ஒரு ஃபேதம் என்றால் 6 அடி, அதாவது 1.83 மீட்டர் சொச்சம். மாலுமி கயிற்றை நீரிலிருந்து இழுத்து, இரு கைகளையும் விரித்து அளந்தால் ஒரு வீச்சுக்கு ஒரு ஃபேதம். அணைப்பும் அளவும் ஒரே சொல்லில் இருப்பதன் சூட்சுமம் இவ்வளவுதான்: இரண்டுக்கும் கையை விரித்தாகவேண்டும். நம் கடலோர மீனவர்கள் ஆழத்தைப் ‘பாகம்’ கணக்கில் சொல்வதும் இதே கைவீச்சு அளவுதான்.

கப்பலில் இதற்கென்று ஓர் ஈயக்குண்டுக் கயிறு இருந்தது. பிரிட்டிஷ் கப்பல்களில் அதில் அடையாளம் கட்டிய விதம் அழகு. இரண்டாம் ஃபேதத்தில் இரண்டு தோல்வார்; மூன்றில் மூன்று தோல்வார்; ஐந்தில் வெள்ளைத் துணி; ஏழில் சிவப்புக் கொடித்துணி; பத்தில் ஓட்டை போட்ட தோல்துண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு பொருள் என்பதால் இருட்டில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கை சொல்லிவிடும். நான்கு, ஆறு போன்ற இடங்களில் அடையாளம் கிடையாது, அங்கே உத்தேசம்தான். மிசிசிப்பி ஆற்றில் இரண்டு ஃபேதம் என்றால் நீராவிப் படகு போக 12 அடி நீர் இருக்கிறது என்று பொருள். ஆழம் பார்ப்பவர் அதை ‘மார்க் ட்வைன்’, அதாவது ‘இரண்டாம் அடையாளம்’ என்று கூவுவார். அந்தக் கூவலைத்தான் எழுத்தாளர் சாமுவேல் கிளமென்ஸ் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

குண்டின் அடியில் ஒரு குழி. அதில் மாட்டுக்கொழுப்பை அப்பி இறக்குவார்கள். மேலே வரும்போது அடித்தரையின் மணலோ சேறோ சிப்பித்தூளோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஆழம் மட்டுமல்ல, கண்ணால் காணாத தரை எப்படிப்பட்டது என்றும் மேலே நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். ‘புரிந்துகொள்’ என்ற பொருள் இந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் ஏறி வந்தது. கயிறு தரையைத் தொடாவிட்டால்? அதுதான் அந்த ‘முடியவில்லை’. கயிறு எட்டாத ஆழம்.

தமிழில் “ஆளை ஆழம் பார்க்கிறான்” என்கிறோமே, அங்கேயும் நீரிலிருந்துதான் பேச்சு வந்திருக்கிறது. ஆனால் நாம் அதை ஆளிடம் பயன்படுத்துகிறோம். ஆங்கிலேயர் பெரும்பாலும் காரணத்திடமும் மர்மத்திடமும்.

படி 4: உறவுமொழிகளில் சரிபார்ப்பது

‘தழுவு’ என்ற பழைய பொருள் நிஜமாகவே இருந்ததா? அக்கம்பக்கத்து மொழிகளைக் கேட்கலாம். ஐஸ்லாந்து மொழியில் ‘ஃபாத்முர்’ என்றால் இன்றைக்கும் அணைப்பு. ஸ்வீடிஷில் ‘ஃபாம்ன்’ அதே பொருள்தான், பழைய நீள அளவும்கூட. ஜெர்மனில் ‘ஃபாடன்’ என்றால் நூல்! விரித்த கைகளுக்கிடையே அளந்த நூல் என்பதால் நூலுக்கே அளவின் பெயர் வந்ததாக விளக்குகிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் சொல்லுக்கு முன் ஒரு நட்சத்திரக் குறி வரும். ‘இது எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, ஒப்பிட்டு மீட்டுருவாக்கியது’ என்று அதற்கு அர்த்தம். நட்சத்திரம் போட்ட வேரைக் கல்வெட்டுச் சான்றுபோல மேற்கோள் காட்டாதீர்கள். நம் சொல்லின் வேருக்கு ‘விரி’ என்று பொருள் சொல்கிறார்கள். பூவின் இதழைக் குறிக்கும் ‘பெட்டல்’ அதற்குத் தூரத்து உறவு.

பின்சேர்க்கை 1: பழைய ஆங்கில அகராதியான பாஸ்வொர்த்-டாலரில் தேடினால் சொல் கிடைக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதில் நம் விசைப்பலகையில் இல்லாத எழுத்துகள் இருக்கின்றன. எடிமான்லைனில் உள்ள பழைய வடிவத்தை நகலெடுத்து அங்கே ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: இன்னொருவர் நல்ல கேள்வி கேட்டார். ஆழம் பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘சவுண்டிங்’ என்றும் சொல்கிறார்களே, ஒலியை அனுப்பி ஆழம் அளப்பதால் வந்த பெயரா? இல்லை. ஆழம் பார்ப்பதைக் குறிக்கும் ‘சவுண்ட்’ என்ற வினை 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒலியால் ஆழம் அளக்கும் கருவிகள் 20ஆம் நூற்றாண்டில் வந்தவை. அந்த வினை பழைய பிரெஞ்சின் ‘சொன்டே’ வழி வந்த வேறு சொல். ஒலியைக் குறிக்கும் ‘சவுண்ட்’ லத்தீன் ‘சோனுஸ்’ வழி வந்தது. எழுத்து ஒன்றுதான், குடும்பம் வேறு. அகராதியில் ஒரே சொல்லுக்கு 1, 2, 3 என்று தனித்தனிப் பதிவுகள் இருந்தால் முதல் பதிவோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.