கேங்வே விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

கப்பலில் புதிதாகச் சேரும் தம்பிகள் கிரேன், ஹேட்ச் (சரக்கு அறையின் திறப்பு), எஞ்சின் ரூம் என்றால் பயந்து பயந்து நடப்பார்கள். கேங்வேயை மட்டும் வீட்டு வாசல்படி போல நினைத்து இறங்கிப் போய்விடுவார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கரைக்கும் கப்பலுக்கும் குறுக்கே போடும் பாலம்தான் கேங்வே. கப்பலின் பக்கவாட்டில் சாய்வாகத் தொங்குவது அக்கோமடேஷன் லேடர். பேச்சில் இரண்டையுமே கேங்வே என்றுதான் சொல்வோம். ஆனால் சாய்வுக் கணக்கு வேறு. கேங்வே 30 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது, லேடர் 55 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேலும் தாங்கும்படி வடிவமைத்துப் பலகையில் எழுதியிருந்தால்தான் விதிவிலக்கு.

நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது, ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடுவது. கட்டிப்போட்ட கப்பலும் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒரு காரணம் ஓதம். சென்னையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில் பாவ்நகர் பக்கம் போனால் பத்து மீட்டர் வரை வரும். இன்னொரு காரணம் சரக்கு. ஒரு பனாமாக்ஸ் (பனாமா கால்வாயில் போகும் அளவுள்ள பெரிய) கப்பலில் சுமார் 65 முதல் 70 டன் இறங்கினாலே கப்பல் ஒரு சென்டிமீட்டர் எழும்பும். 10,000 டன் நிலக்கரி இறங்கிவிட்டால் ஒன்றரை மீட்டர் மேலே போயிருக்கும்.

நான் ஓ.எஸ். (கடைநிலை மாலுமி) ஆக இருந்தபோது ஒரு ராத்திரி கேங்வே வாட்ச் (காவல் முறை). நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்தது. கரை வேலையாள் ஒருவர் லேடரில் இறங்கிப் போனார். கடைசிப் படிக்கு வந்ததும் நின்றுவிட்டார். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி நீட்டித் தரையைத் தேடினார். டார்ச் அடித்துப் பார்த்தால், லேடரின் அடியில் தரைமேல் உருளும் ரோலர் முழங்கால் உயரத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. “அண்ணே, அப்படியே மேல வந்துருங்க” என்று கத்தினேன். அவர் டெக்குக்குத் திரும்பிய பிறகுதான் லேடரை ஏற்றி இறக்கும் வின்ச்சைத் தொட்டேன். ஆள் நிற்கும்போது லேடரை ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. அதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் நான் ரோலர் பக்கமே பார்க்கவில்லை. அவர் கால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

ரோலர் நகர்கிறதே என்று சிலர் அடிப்பக்கத்தை பொல்லார்டில் (கரையில் கப்பல் கயிறு கட்டும் இரும்புக் குட்டையில்) கட்டிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். கப்பல் முன்னும் பின்னும் அசையும்போது அடிப்பக்கமும் கூடவே உருண்டு போகவேண்டும். கட்டிவிட்டால் கேங்வே முறுக்கிக்கொண்டு வளைந்துவிடும். கப்பல் பக்கத்து முனையைத்தான் உறுதியாகக் கட்டவேண்டும். ரோலர் உருளும் வழியில் கிரேன் தண்டவாளமோ கயிறோ இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

விழுபவரைத் தாங்கும் பாதுகாப்பு வலையை லேடருக்கு அடியில் தூளி மாதிரி தொங்கவிட்டுவிட்டு, கட்டியாயிற்று என்பார்கள். ஆள் விழுவது பெரும்பாலும் பக்கவாட்டில்தான். மேல் முனையில், லேடரும் டெக்கும் சேரும் இடத்திலும், அடியில் கப்பலுக்கும் பெர்த்துக்கும் (கப்பல் கட்டும் கரை மேடைக்கும்) நடுவிலும் இடைவெளி விட்டால் வலை இருந்தும் பயனில்லை. பக்கத்திலேயே விளக்கோடு ஒரு லைஃப்பாயும் (மிதவை வளையமும்), எறிவதற்குத் தனியாக ஒரு கயிறும் தயாராக இருக்கவேண்டும்.

அடுத்தது, இரண்டு கையிலும் சாமானோடு ஏறுவது. ஊருக்குப் போன் பேசிக்கொண்டு, கடையில் வாங்கிய பைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு கையாவது கைப்பிடியில் இருக்கட்டும். பையைக் கயிறு போட்டு மேலே இழுத்துக்கொள்ளலாம். சரி, நேரமாகும். ஆனாலும் இழுங்கள். க்ரூ மாறும் நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறுவதும் இதே ரகம்தான். ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்று லேடர் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

படியில் கிரீஸ், மழையில் நனைந்த நிலக்கரித் தூள், எரியாத பல்பு இதெல்லாம் உங்கள் வாட்ச்சிலேயே சரிசெய்யக்கூடியவை.

கடைசியாக வயர். லேடரைத் தூக்கிப் பிடிப்பது அதுதான். சர்வே (கப்பல் பரிசோதனை) வரும் என்று வயர் மேலேயே பெயின்ட் அடித்து வைத்த கப்பலையும் பார்த்திருக்கிறேன். பெயின்டுக்கு உள்ளே துரு வேலை செய்துகொண்டே இருக்கும். கப்பி மேல் வளைந்து கிடக்கும் இடத்தில்தான் முதலில் இழைகள் அறும். ஐந்து வருடத்துக்குள் வயரை மாற்றியே ஆகவேண்டும் என்பது சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி. பழுது தெரிந்தால் அதுவரை காத்திருக்கவும் கூடாது. லேடரை முழுவதும் இறக்கிவிட்டு, கையுறை போட்டு, கப்பியில் உட்காரும் அந்தப் பகுதியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். மாட்டினால் உடனே போசனிடம் (டெக் மாலுமிகளின் தலைவரிடம்) சொல்லுங்கள். அது சரியாகும்வரை யாரையும் லேடரில் ஏறவிடாதீர்கள்.