"தரமான, சுவையான" என்று எழுதுவதற்கு முன்னால்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இட்லி மாவும் பொடியும் விற்கிறார். பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் போட ஒரு விளம்பரம் எழுதி எடுத்துக்கொண்டு வந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்றார்.

"எங்களிடம் தரமான, சுவையான, ஆரோக்கியமான இட்லி மாவு மற்றும் மிளகாய்ப் பொடி நியாயமான விலையில் கிடைக்கும். தேவைக்கு அணுகவும்."

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பெங்களூரில் மாவு விற்கிற யார் வேண்டுமானாலும் இதற்குக் கீழே தன் நம்பரைப் போட்டு அனுப்பலாமே! இதை உட்கார்ந்து எப்படித் திருத்தினோமோ அதே வரிசையில் சொல்கிறேன், நீங்கள் விற்பது புடவையோ டியூஷனோ, கூடவே செய்து பாருங்கள்.

முதல் வேலை, பேனாவை எடுத்துப் புகழ்ச்சிச் சொற்களை வட்டமிடுவது. தரமான, சுவையான, ஆரோக்கியமான, நியாயமான என்று இதில் நான்கு இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து "எப்படி?" என்று கேட்க வேண்டும், முடிந்தால் வேறு யாரையாவது விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நான் "எப்படிக்கா தரம்?" என்றதும் மடமடவென்று வந்தது: "கிரைண்டர்லதான் அரைக்கிறேன், மிக்சி கிடையாது. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. சோடா உப்பு தொடுறதே இல்ல. காலையில அஞ்சு மணிக்கு அரைச்சு ஏழு மணிக்கு பாக்கெட் போட்டுடுவேன்." வாயில் இவ்வளவு தெளிவாக இருந்தது தாளுக்கு வரும்போது "தரமான" என்று சுருங்கிவிடுகிறது, நம்மில் நிறையப் பேருக்கு இப்படித்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

அடுத்தது, வாங்குகிறவர் மனதில் இருக்கும் கேள்விக்குப் பதில் எழுதுவது. புளிக்காத மாவை வாங்கிப் போகிறவருக்கு எத்தனை மணி நேரம் வெளியே வைக்கலாம் என்பதுதான் கவலை, அதுவும் டிசம்பர், ஜனவரியில் பெங்களூர்க் குளிருக்கு மாவு சீக்கிரம் பொங்காது. "இப்போது குளிர், ராத்திரி முழுக்க வெளியே வையுங்கள்" என்ற ஒரு வரி, "சுவையான" என்று பத்து தடவை சொல்வதைவிட நம்பிக்கை தரும்.

அப்புறம் பெயர்ச்சொற்கள். மிளகாய்ப் பொடி என்றால் ஒரு வீட்டில் இட்லிக்குத் தொட்டுக்கொள்வது, இன்னொரு வீட்டில் குழம்புக்குப் போடும் வெறும் வத்தல் தூள். இட்லிக்குத் தொடுவதைக் கன்னடக்காரர்கள் சட்னி புடி என்பார்கள். அதனால் "இட்லிப் பொடி" என்று மாற்றினோம், யாருக்கும் சந்தேகம் வராது. "மற்றும்" என்பதையும் எடுத்துவிடுங்கள், யாரும் அப்படிப் பேசுவதில்லை. "மாவும் பொடியும்" போதும். "அணுகவும்" அரசாங்க அறிவிப்பு மாதிரி இருக்கிறது, "கூப்பிடுங்கள்" என்றால் மனிதர் பேசுகிற மாதிரி இருக்கும்.

சட்டம் பார்க்கிற சொற்களும் உண்டு. சாப்பாட்டுப் பொருளுக்கு ஃபிரெஷ், நேச்சுரல், ப்யூர், டிரெடிஷனல் என்றெல்லாம் நினைத்தபடி போட முடியாது, உணவுப் பொருட்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 விளம்பர விதிமுறைகளில் இவற்றுக்கு நிபந்தனைகள் இருக்கின்றன. 2024 ஜூனில், கெட்டியாக்கிய பழச்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் பானங்களின் லேபிளில் இருந்து "100% பழச்சாறு" என்பதையே எடுக்கச் சொன்னார்கள். "இலவசம்" என்ற சொல்லும் அப்படித்தான்: 2022இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதலின்படி, பொருளின் விலையை ஏற்றிவிட்டு கூடக் கொடுப்பதை இலவசம் என்று சொல்லக் கூடாது. அக்கா பொடியை இலவசமாகத் தர நினைத்திருந்தார், மாவு விலையில் பத்து ரூபாய் கூட்டி. வேண்டாம் என்றேன், உடனே ஒத்துக்கொண்டார்.

எஸ்.எம்.எஸ். அனுப்புவதாக இருந்தால் நீளத்தையும் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 இடம், தமிழில் 70தான். "பொடி" கண்ணுக்கு இரண்டு எழுத்து, குறிகளையும் தனியாக எண்ணுவதால் அங்கே நான்கு இடம் பிடிக்கும். வாட்ஸப்பில் இந்தத் தொல்லை இல்லை, ஆனாலும் நீளமான செய்தியின் கடைசிப் பகுதி மடிந்து மறைந்துவிடும், அதனால் முக்கியமானதை மேலே வையுங்கள்.

கடைசியாக, சத்தமாக வாசியுங்கள். திருத்தி எழுதியதை அக்கா வாசிக்கும்போது "அரைக்கப்பட்டது" என்ற இடத்தில் நாக்கு தடுக்கியது. அதை "அரைத்தது" ஆக்கினோம். குரூப்பில் போனது இதுதான்:

"இட்லி மாவு, இன்று காலை 5 மணிக்கு கிரைண்டரில் அரைத்தது. சோடா உப்பு இல்லை. 1 கிலோ 70 ரூபாய். இப்போது குளிர், ராத்திரி முழுக்க வெளியே வையுங்கள், காலையில் இட்லி ஊற்றலாம். இட்லிப் பொடியும் இருக்கிறது, 100 கிராம் 50 ரூபாய். 9 மணிக்குள் கூப்பிட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்."