ஐயூஐ, ஐவிஎஃப் பண்ணப் போறீங்களா? மூணு நாலுன்னு தங்காம பாத்துக்கறது எப்படி

குழந்தைக்காக வருஷக்கணக்கா காத்திருக்கற வீட்ல "ரெட்டையா தங்கிட்டா ஒரே செலவோட முடிஞ்சிடும்"னு யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாங்க, அந்த ஆசை எனக்கும் புரியுது, ஆனா மூணு நாலுன்னு தங்கிட்டா நிலைமையே வேற. ஒத்தக் குழந்தை சராசரியா 39 வாரம் வயித்துல இருக்கும், மூணுன்னா 32 வாரம், நாலுன்னா 30 வாரத்தை எட்டறதே பெரிய விஷயம், ஒவ்வொண்ணும் ஒன்றரை கிலோ சொச்சம், இல்ல அதுக்கும் கீழ. அம்மாவுக்கு பிரஷர், சுகர், பிரசவத்துல ரத்தப்போக்குன்னு எல்லா ஆபத்தும் கூடுது. எத்தனை தங்கும்ங்கறது பெரும்பாலும் டெஸ்ட் பாசிட்டிவ் வர்றதுக்கு முன்னாடியே முடிவாயிடுது, அதனால கேக்க வேண்டியத அப்பவே கேட்டுடுங்க.

முதல்ல ஐயூஐ, அதாவது விந்தணுவ நேரா கர்ப்பப்பைக்குள்ள செலுத்தறது. முட்டையையும் விந்தணுவையும் லேப்ல சேத்து கருவாக்கி உள்ள வைக்கற ஐவிஎஃப்லதான் நிறைய குழந்தை உருவாகும்னு நெனைக்கறோம், ஆனா ஐவிஎஃப்ல எத்தனை கரு உள்ள வைக்கறோம்னு எண்ணி வைக்கலாம், ஊசி போட்டு முட்டை வளத்து பண்ற ஐயூஐல எத்தனை முட்டை வெடிக்கும், எத்தனை ஒட்டும்னு யார் கையிலயும் இல்ல. மாத்திரையா ஊசியாங்கறதும் முக்கியம். 2015ல வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆராய்ச்சி, காரணம் தெரியாம குழந்தை தங்காத 900 தம்பதிகள வெச்சு பண்ணது, அதுல ஹார்மோன் ஊசி போட்டு கர்ப்பமானவங்கள்ல 32 சதவீதம் பேருக்கு ஒண்ணுக்கு மேல தங்கிச்சு, லெட்ரோசோல் மாத்திரைல 13, க்ளோமிஃபீன் மாத்திரைல 9. மூணு குழந்தை தங்கினது எல்லாமே ஊசி போட்டவங்களுக்குதான். அதனால நேரா ஊசிக்கு போகச் சொன்னா "முதல்ல மாத்திரைல பாக்கலாமா டாக்டர், ஊசின்னா கம்மி டோஸ்ல ஆரம்பிக்கலாமா"ன்னு கேளுங்க, பிசிஓஎஸ் (ஓவரில நிறைய சின்னச் சின்ன முட்டைப் பை இருக்கற ஹார்மோன் பிரச்சனை) இருக்கறவங்க கட்டாயம் கேக்கணும், உங்களுக்கு கொஞ்சம் மருந்துக்கே முட்டை கொத்தா வளரும்.

முட்டை வளர்ச்சி ஸ்கேன் சீட்டை வாங்கி பைல போட்டுக்கிட்டு வந்துடாதீங்க, படிங்க. வலது ஓவரி 19, 17, 16, இடது 18, 15னு எழுதியிருக்கும், அது மில்லிமீட்டர் கணக்கு, 18 பக்கம் வந்தா முட்டை வெடிக்கற ஊசி போடுவாங்க. இந்த சீட்டுல அஞ்சும் பெருசு, 15, 16ல இருக்கறதும் வெடிச்சு கரு தங்கலாம். பெருசா வளந்தது ரெண்டு, மூணத் தாண்டிடுச்சுன்னா, வெடிக்கற ஊசி போடறதுக்கு முன்னாடி "இந்த மாசம் விட்டுடலாமா"ன்னு நீங்களே கேளுங்க. விட்டுடறதுன்னா ஐயூஐ மட்டும் இல்ல, அந்த வாரம் வீட்லயும் சேரக்கூடாது, இல்லன்னா காண்டம் போடணும், ஏன்னா ஊசி போடாமலே தானா வெடிக்கலாம். ஊசிக்கு கட்டின காசு போச்சேன்னு வயிறு எரியும்தான், ஆனா மூணு குழந்தைங்க என்ஐசியூல (பச்சக் குழந்தைங்களுக்கான ஐசியூ) வாரக்கணக்கா இருந்தா வர்ற பில்லோட ஒப்பிட்டா அது ஒண்ணுமே இல்ல.

ஐவிஎஃப்னா கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், எத்தனை கரு வைக்கப் போறீங்க. 35 வயசுக்குள்ள இருந்து, அஞ்சாவது நாள் வரைக்கும் நல்லா வளந்த கரு இருந்தா, ஒண்ணு மட்டும் வெச்சுட்டு மிச்சத்த ஃப்ரீஸ் பண்ணுங்கன்னு தெளிவா சொல்லுங்க, தங்கலன்னா அடுத்த மாசமோ அதுக்கடுத்தோ ஃப்ரீஸ் பண்ணதுல இன்னொண்ணு வைக்கலாம், ரெண்டு தடவையும் சேத்துப் பாத்தா ஒரே தடவைல ரெண்டு வெக்கறதுக்கு கிட்டத்தட்ட சமமான வாய்ப்புதான். சம்மதப் பாரத்துல கரு எண்ணிக்கை எழுதற இடம் காலியா இருந்தா கையெழுத்து போடாதீங்க, நம்பர எழுதச் சொல்லிட்டு அப்புறம் போடுங்க. 2009ல கலிஃபோர்னியால நாடியா சுலேமானுக்கு எட்டு குழந்தை பொறந்துச்சே, அவங்களுக்கு வெச்சது 12 கரு, குழந்தைங்க எட்டும் பிழைச்சாங்க, ஆனா அந்த டாக்டரோட லைசென்ஸ 2011ல ரத்து பண்ணிட்டாங்க. டிவில எட்டு குழந்தையையும் பாத்து அதிசயம்னு சொன்னவங்க யாரும் அந்த அம்மா உடம்பு பட்ட பாட்ட பத்தி யோசிக்கல. ஒரு கரு வெச்சாலும் அது பிரிஞ்சு ரெட்டை ஆகலாம், அது ரொம்ப அபூர்வம், அதுக்கு யாரும் பொறுப்பு இல்ல.

சரி, ஏற்கனவே மூணோ நாலோ தங்கிடுச்சுன்னா? பதறாதீங்க, ஆனா நாள கடத்தாதீங்க. 14 வாரத்துக்குள்ள, எந்தக் குழந்தைக்கு தனி நஞ்சு (நச்சுக்கொடி, அதாவது பிளசென்டா), எது ரெண்டும் ஒரே நஞ்சை பங்கு போடுதுன்னு ஸ்கேன்ல எழுதி வாங்கிடுங்க, அதுக்கப்புறம் கண்டுபிடிக்கறது கஷ்டம், ஒரே நஞ்சுன்னா ஒரு குழந்தைக்கு போக வேண்டிய ரத்தம் இன்னொண்ணுக்கு போற ஆபத்து இருக்கு, ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை ஸ்கேன் தேவைப்படும். கருவின் எண்ணிக்கையை குறைக்கறத பத்தி டாக்டர் பேசினா, அது பெரும்பாலும் 11லருந்து 13 வாரத்துக்குள்ள பண்றது, மிச்ச குழந்தைங்க நாள் தள்ளிப் பொறக்க உதவும், அதேசமயம் மொத்தமா கலையற ஆபத்தும் கொஞ்சம் இருக்கு. வேணுமா வேண்டாமாங்கறத கணவனும் மனைவியும் பேசி முடிவு பண்ணுங்க, மாமியாரும் சொந்தக்காரங்களும் இல்ல. ஃபீட்டல் மெடிசின் டாக்டர் (வயித்துல இருக்கற குழந்தைக்கான ஸ்பெஷலிஸ்ட்) ஒருத்தர்கிட்ட தனியா போய் கேட்டுட்டு முடிவு எடுங்க.

மூணையும் வெச்சுக்கறதுன்னா பக்கத்து நர்சிங் ஹோம் வேண்டாம், ஒரே நேரத்துல மூணு குறைமாசக் குழந்தைய பாக்கற என்ஐசியூ இருக்கற ஆஸ்பத்திரில 24 வாரத்துக்கு முன்னாடியே பதிஞ்சிடுங்க, "மூணு வென்டிலேட்டர் ஒரே நேரத்துல கிடைக்குமா"ன்னு நேராவே கேளுங்க. மாசக்கணக்கா படுத்தே கிடக்கறது பிரசவத்த தள்ளிப் போடும்னு நிரூபணம் இல்ல, கால்ல ரத்தம் கட்டற ஆபத்துதான் கூடும். வயிறு இறுகி இறுகி விட்டாலோ, தண்ணி மாதிரி கசிஞ்சாலோ, தலைவலியோட கண்ணு மங்கினாலோ ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கிளம்பிடுங்க, சீக்கிரம் போனாதான் குழந்தையோட நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட நேரம் கிடைக்கும்.

குழந்தை பொறந்தப்புறம் நிறைய வீட்ல விட்டுடற ஒண்ணு கண் டெஸ்ட். 34 வாரத்துக்கு முன்னாடியோ 2 கிலோவுக்கு கம்மியாவோ பொறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள்ள விழித்திரைய பாத்தே ஆகணும், 28 வாரத்துக்கு முன்னாடின்னா இன்னும் சீக்கிரமா, ரெண்டு மூணு வாரத்துலயே. டிஸ்சார்ஜ் ஷீட்ல அந்த தேதி இல்லன்னா எழுதச் சொல்லி வாங்கிட்டு, மூணு குழந்தைக்கும் தனித்தனியா அப்பாயிண்ட்மெண்ட் போட்டுட்டு வீட்டுக்கு கிளம்புங்க.